எண்ணெயில் மறைந்திருக்கும் நஞ்சு

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம், சித்திரைப் புத்தாண்டும் ரமழானும் நெருங்கியிருந்த வேளையில், இறக்குமதி செய்யப்பட்ட சுத்திகரிக்கப்படாத தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் என்னும் நச்சுப்பொருள் இருப்பது ஆய்வுகூடப் பரிசோதனையில் தெரியவந்தது. அந்த எண்ணெயை நாட்டிலிருந்து திருப்பியனுப்புமாறு அரசு பணித்தது. தோட்டத்து லயன்களில் பலகாரம் சுடுவோரையும் பதுளை நகரில் நோன்பு திறக்கச் சிற்றுண்டி பொரிப்போரையும் ஒருசேரக் கவலையில் ஆழ்த்திய செய்தி அது.

சரிவர உலராத கொப்பராவில் வளரும் பூஞ்சணமே அஃப்ளடொக்சினை உருவாக்குகின்றது. ஈரலில் புற்றுநோயை உண்டாக்கவல்லது இது. நிறத்தாலோ மணத்தாலோ இதனை அறிய முடியாது. சமையற் சூட்டில் இது முற்றாக அழிவதுமில்லை. ஆய்வுகூடத்தில் நிறப்பகுப்பு போன்ற முறைகளினால் இதன் அளவைக் கணிக்கலாம்.

சுத்திகரிப்பு இதற்குப் பெருமளவு பரிகாரமாகும். காரம் சேர்த்துக் கழுவுவதும் வெளிற்றும் மண்ணினூடாக வடிப்பதும் இந்நஞ்சைக் குறைக்கின்றன. புகையில் உலர்த்திய கொப்பராவிலிருந்து சேரும் புகைநச்சை, செயற்படுத்தப்பட்ட கரி உறிஞ்சுகின்றது.

எனினும், மணம் நீக்கும் இறுதிக்கட்டத்தில் எண்ணெய் 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கப்படும்போது கிளிசிடில் எஸ்டர், 3-எம்.சி.பி.டி. எஸ்டர் ஆகிய புதிய மாசுகள் உருவாகின்றன. பாம் எண்ணெயில் இவை அதிகம். பழங்களைத் தாமதமின்றிப் பதப்படுத்துவது, குளோரின் சேர்மங்கள் நீங்க எண்ணெயை முன்கூட்டியே கழுவுவது, வெப்பத்தைக் குறைப்பது ஆகியவற்றால் இவற்றைக் கட்டுப்படுத்தலாம். இதற்கான வழிகாட்டியைக் கோடெக்ஸ் ஆணைக்குழு 2019இல் வெளியிட்டது. நுகர்வோருக்கு விற்கும் எண்ணெயில் கிளிசிடில் எஸ்டருக்கு, கிலோவுக்கு 1000 மைக்ரோகிராம் என்ற உச்ச வரம்பை 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது.

ஆக, தெளிந்த எண்ணெயெல்லாம் தூய எண்ணெய் அன்று. பசறையிலோ ஹப்புத்தளையிலோ உள்ள தோட்டக் கடையில் பரலிலிருந்து அளந்து கொடுக்கப்படும் உதிரி எண்ணெய்க்கு உற்பத்தியாளர் பெயருமில்லை, திகதியுமில்லை. நாட்கூலியில் அன்றாடத் தேவைக்கு மட்டும் எண்ணெய் வாங்கும் குடும்பத்திடம் முத்திரையிட்ட போத்தலையே வாங்குங்கள் என்று உபதேசிப்பது மட்டும் போதாது.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் மாதிரிகளைப் பெற்றுப் பகுப்பாய்வுக்கு அனுப்ப வழி செய்துள்ளது. அந்த அதிகாரம் துறைமுகத்தோடும் நகரக் கடைகளோடும் நின்றுவிடாது, பண்டிகைக் காலத்துக்கு முன்பே ஊவாவின் தோட்டக் கடைகளுக்கும் வரவேண்டும். முடிவுகள் தமிழிலும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். கொழும்பில் வாழ்வோருக்கு உள்ள பாதுகாப்பு தோட்டத் தொழிலாளிக்கும் உரியதே.