பசையிலிருந்து பரப்புக்கு: கார் எஞ்சின் கேஸ்கெட்டின் நூறாண்டு மாற்றம்

எஞ்சினைப் பிரித்துக் கோப்பவர்களில் சிலர் இன்றும் சிலிண்டர் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே வைக்கும் ஹெட் கேஸ்கெட்டின் இரு முகத்திலும் பசை தடவித்தான் உட்கார வைக்கிறார்கள். ஒரு காலத்தில் இது முறையான வேலை. இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலும் இது கெடுதல். ஒழுகலைத் தடுக்கும் பொறுப்பு பசையிடமிருந்து படிப்படியாக உலோகப் பரப்பிடம் போய்ச் சேர்ந்ததே இதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்ககாலத்தில் பலர் இந்தச் சிக்கலுக்குள் நுழையவே இல்லை. சிலிண்டரையும் ஹெட்டையும் ஒரே வார்ப்பாக வார்த்துவிட்டார்கள்; இணைப்பு இல்லை, ஒழுகலும் இல்லை. 1921இல் விற்பனைக்கு வந்த பென்ட்லி 3 லிட்டர்கூட அப்படிப்பட்டதுதான். வால்வு கிரைண்டிங் செய்யச் சிலிண்டர் பிளாக்கையே தூக்க வேண்டும் என்பது அதற்குக் கொடுத்த விலை. ஃபோர்டு 1908லேயே மாடல் டி காரில் கழற்றக்கூடிய ஹெட்டைத் தந்துவிட்டது. அந்த இணைப்பை அடைத்தது, செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் பொதிந்த கேஸ்கெட். போல்ட்டை இறுக்கினால் கல்நார் நசுங்கும், செம்பு வார்ப்பின் மேடுபள்ளங்களில் படியும். அழுத்த விகிதம் சுமார் 4.5:1 என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. நசுங்கியது மேலும் நசுங்கும் என்பதால், வண்டி சிறிது ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்குவது கட்டாயம்.

மிச்சமிருந்த நுண்ணிய இடைவெளிகளை ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பசை நிரப்பியது. இந்தியக் காட்டு மரங்களில் பூச்சி சுரந்த பிசின் அமெரிக்க எஞ்சின்களின் எண்ணெயைக் காத்தது என்பது தொழில்நுட்ப வரலாறுகள் அதிகம் பேசாத செய்தி.

இரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட் வந்தபோது நிலைமை மாறியது. ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் ஹெட், கேஸ்கெட்டின்மேல் உராய்ந்து நகரும். கல்நாரும் புற்றுநோய் அச்சத்தால் விலக்கப்பட்டது. 2005 தொடக்கத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் பயன்பாடு ஏறக்குறைய முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. இடையில் கிராஃபைட் கேஸ்கெட்டுகள் கைகொடுத்தன. 1990களில் பல அடுக்கு எஃகு கேஸ்கெட் பரவியது.

அதைக் கையில் எடுத்துப் பார்த்தால், சிலிண்டர் துளையைச் சுற்றி மெல்லிய வரம்பாக ஒரு புடைப்பு தெரியும். அது ஸ்பிரிங் போல வேலை செய்கிறது: எரிப்பு வாயுவின் அழுத்தத்தில் ஹெட் இம்மியளவு எழும்பினால் புடைப்பும் கூடவே எழும்பி இடைவெளியை மூடும். மேலே இருப்பது மைக்ரான் கணக்கில் ஒரு ரப்பர் பூச்சு மட்டுமே. ஆழமான கீறலை அடைக்க அதனால் ஆகாது. ஆகவே ஸ்டிரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட்டின் வளைவைப் பார்ப்பதும், தேவையானால் ஃபேசிங் செய்வதும் தவிர்க்க முடியாதவை, 0.05 மி.மீ. வளைவுக்கு மேல் கூடாது என்கின்றன பல கையேடுகள். இங்கே பசை தடவுவது புடைப்பின் வேலையில் குறுக்கிடுவதுதான். பிளாக், ஹெட், டைமிங் கவர் மூன்றும் கூடும் மூலையில் மட்டும் ஒரு பொட்டு வைக்கச் சில தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு.

ஹெட்டை விட்டு விலகிய பசை வேறு இணைப்புகளில் கேஸ்கெட்டின் இடத்தையே பிடித்தது. 1953இல் ஹார்ட்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் வெர்னான் கிரீபிள், காற்று இல்லாத இடத்தில் மட்டும் கெட்டியாகும் பசையை உருவாக்கினார்; லாக்டைட் என்ற பசை பிறந்தது. சிலிகான் பசை இதற்கு நேர்மாறு: காற்றின் ஈரத்தால் கெட்டியாகும். ஆயில் சம்ப்பிலும் வால்வு கவரிலும் கார்க் பேக்கிங் இருந்த பல இடங்களை அது பிடித்துக்கொண்டது. 1976இல் வால்வோ கார்களில் ஆக்ஸிஜன் சென்சார் வந்தபின், சிலிகான் ஆவி அந்தச் சென்சாரைக் கெடுப்பது தெரிந்து, ஆவி குறைந்த வகைகளும் சந்தைக்கு வந்தன.

இரண்டு பசைகளின் வேறுபாடு எஞ்சினைப் பிரிக்கும்போது பளிச்செனத் தெரியும். அளவுக்கு மீறி வைத்த சிலிகான் உள்பக்கம் பிதுங்கி, ரப்பர் நூலாக அறுந்து, ஆயில் பம்ப்பின் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். கிரீபிள் வழிவந்த பசையில் பிதுங்கியது காற்றுப் பட்டு திரவமாகவே நின்று எண்ணெயோடு கலந்துவிடும். ஆனால் அதற்கு இரு முகமும் மெஷினில் சீவப்பட்டு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தகடு வளைத்துச் செய்த சம்ப்புக்கு அது ஒத்துவராது.