இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு மகதை



மகதம் என்றதும் பீகாரும் அசோகரும்தான் நினைவுக்கு வரும். வகுப்பில் நானும் அதைத்தான் நடத்தினேன். ஆனால் நம் சேலம் மாவட்டத்திலேயே 'மகதை மண்டலம்' என்று ஒன்று இருந்தது. அதன் தலைநகர் தலைவாசலுக்குப் பக்கத்தில், வசிஷ்ட நதிக்கரையில் உள்ள ஆறகழூர்.

வடக்கே தென்பெண்ணை, தெற்கே வெள்ளாறு. இடைப்பட்ட இந்த நிலத்தை நடுநாடு என்பார்கள். அதன் மேற்குப் பகுதிதான் மகதை. வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடித்தான் வெள்ளாறு ஆகிறது.

மலைகளுக்கு நடுவே கொங்கு நாட்டிலிருந்து சோழ நாட்டுச் சமவெளிக்கு இறங்கும் வழி ஆத்தூர் வழி. வணிகரும் வருவார்கள், படையும் வரும். இன்று செவ்வாய்ப்பேட்டை மண்டியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் லாரியும் அதே வழியில்தான் போகிறது.

இங்கே ஆண்டவர்கள் வாணர்கள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தக சோழன் வடக்கே அவர்களுடைய நாட்டைப் பறித்துக் கங்க அரசனுக்குக் கொடுத்துவிட்டான். அதே குலப்பெயரோடு பின்னாளில் மகதையில் தலையெடுத்தவர்கள் வாணகோவரையர்கள். மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தில் புகழ்பெற்றவர் பொன்பரப்பின வாணகோவரையர். திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததால் வந்த பட்டம் அது.

நடுவில் இருப்பவனுக்கு எப்போதும் இரண்டு பக்கமும் இடி. 1231-இல் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராச சோழனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். (நம் நாமக்கல் சேந்தமங்கலம் அல்ல, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் உள்ளது.) சோழனை மீட்கப் புறப்பட்ட போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், வழியில் மகதை நாட்டை நிர்மூலமாக்கிவிட்டே மேலே சென்றான். திருவயிந்திபுரம் கல்வெட்டு இதைச் சொல்கிறது. சண்டை சோழனுக்கும் கோப்பெருஞ்சிங்கனுக்கும்; அழிந்தது வழியில் இருந்தவன் ஊர்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிந்தது? மகதைக்கென்று யாரும் தனியாக வரலாறு எழுதி வைக்கவில்லை. கோயில் சுவர்தான் அவர்களுடைய புத்தகம். ஆறகழூர் காமநாதீஸ்வரர் கோயிலுக்கு அஷ்ட பைரவரைக் கும்பிடத்தான் பலரும் போகிறார்கள். சுவரில் இருக்கும் எழுத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். பக்கத்துத் தியாகனூரில் அமர்ந்த கோலத்தில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் உள்ளன. இந்த மண்ணில் பௌத்தமும் இருந்தது என்பதற்கு அவையே சாட்சி.

உங்களில் பலர் இன்று ஊர்த் திருப்பணிக் குழுக்களில் இருக்கிறீர்கள். ஒரு வேண்டுகோள். கல்வெட்டுள்ள சுவரில் பெயிண்ட் அடிக்கவோ, சிமெண்ட் பூசவோ, மணல் வீச்சால் சுத்தம் செய்யவோ விடாதீர்கள். படையெடுப்பு அரண்மனையைத்தான் அழித்தது, எழுத்து தப்பியது. எண்ணூறு ஆண்டு தாங்கிய எழுத்து, ஒரு கும்பாபிஷேகத்துக்குள் போய்விடக் கூடாது.

உங்கள் ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.