துடக்கு இல்லாத துக்கம்: கொழும்புத் தமிழரும் நாயும்

வீட்டில் ஒருவர் இறந்தால் நமக்குத் துடக்கு உண்டு. எட்டு, அந்தியேட்டி என்று துக்கத்தை இறக்கிவைக்க நாள்கள் உண்டு. அயலவர் வந்து விசாரிப்பார்கள். பதின்மூன்று வருடம் வாசலில் படுத்துக் கிடந்த நாய் செத்தால் இவற்றில் ஒன்றும் இல்லை. இந்தச் சடங்கின்மையைப் பாசமின்மை என்று கொள்வது தவறு. கொழும்பில் இந்தத் துக்கத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாதபடி செய்தவை சட்டமும் நிலமும் இடப்பெயர்வுமே.

தமிழர் நாய்க்குக் கல் எழுப்பியவர்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல்லில், எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவக்கத்தியின் பின்னால் அவனுடைய நாய் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைக்கோழிக்கே கல் இருக்கிறது.

பிரித்தானியர் ஆண்ட கொழும்பில் நாய் நோய்காவியாகவே சட்டத்துக்குள் வந்தது. 1893இல் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம், 1901இல் நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம். 1907இன் மிருகவதைத் தடுப்புச் சட்டம் விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். நோய் குறித்த அச்சம் பொய்யல்ல: 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். ஆனால் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் நாலு வீட்டுச் சோறு தின்று, நாலு வீட்டுக்கும் குரைத்து, எல்லாரும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்ட நாயும் சட்டத்தின் கணக்கில் கட்டாக்காலிதான். பிடிகாரர் அதை வண்டியில் ஏற்றிப் போனால், அது எங்களுடையது என்று சொல்ல எவரிடமும் பதிவுத்துண்டு இராது.

2006இல் தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தியது. அடுத்த ஆண்டிலிருந்து கொழும்பு மாநகர சபையுடன் சேர்ந்து புளூ போ டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்தது. நகரில் 2006இல் 43 ஆக இருந்த விசர்நாய்கள் 2011இல் 2 ஆகக் குறைந்தன. நூறாண்டு கொன்றும் ஒழியாத நோயை ஊசி அடக்கியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தையின் சிக்கல் வேறு. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே வளவுள்ள வீடுகள் இருந்த காலத்தில் நாயை மதிலோரத் தென்னையடியில் தாட்டார்கள். அந்த வளவுகளில் இப்போது தொடர்மாடிகள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, விடியமுன் தன் நாயைப் பழைய வேட்டியில் சுற்றி, லிஃப்டில் யாரும் ஏறிவிடக் கூடாதே என்று பயந்து பயந்து கீழே கொண்டுவந்தார். ஓட்டோவில் மடியில் வைத்துத் தெகிவளையில் சொந்தக்காரர் வளவுக்குக் கொண்டுபோனார். காதுக்குப் பின்னால் கடைசிவரை தடவிக்கொண்டே போனாராம். "மனுசருக்கு எண்டால் நாலு பேர் வந்திருப்பினம்" என்றார்.

இடப்பெயர்வு பற்றிய ஆவணம் மிகக் குறைவு. 1983 யூலையில் தமிழருக்கு எதிரான வன்முறையில் வெள்ளவத்தை எரிந்தபோது உடுத்த துணியோடு முகாம்களுக்கு ஓடினோம். பலர் அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். 1995 ஒக்டோபர் 30இல், போரின் நடுவே, யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து சனம் மழையில் வெளியேறியது. இரண்டு முறையும் நாய்கள் படலையடியில் நின்றன. வீடுகளுக்கும் கடைகளுக்கும் இழப்புப் பட்டியல் உண்டு, இவற்றுக்கு இல்லை. அந்த நாள்களைக் கண்டவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், விட்டு வந்த நாயின் பெயரையும் நிறத்தையும், அதைக் கடைசியாகப் பார்த்த நாளையும் கேட்டு எழுதி வையுங்கள்.