கண்ணுக்குப் புலப்படாத கசிவு

சரித்திரம் என்றதும் மாணவர்களின் நினைவுக்கு வருபவை போர்களும் முடிசூட்டு விழாக்களும் உடன்படிக்கைகளுமே. ஆனால் மனிதன் குடியிருக்கும் வீட்டிற்கும் ஒரு சரித்திரம் உண்டு. அடுப்புக்கும் விளக்குக்கும் சன்னலுக்கும் உள்ள அச்சரித்திரத்தில் அரசர்கள் இல்லை. தொழிலாளரும் கொத்தரும் தகரவேலைக்காரரும் ஆராய்ச்சியாளருமே அதன் நாயகர்கள். அச்சரித்திரத்திலிருந்து ஓர் அத்தியாயத்தை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது அமெரிக்க ஐக்கிய நாட்டின் வீடுகளில் காற்றைக் கொண்டு செல்லும் குழாய்களையும், அவற்றின் இணைப்புகளை அடைக்க வந்த ஒரு நாடாவையும் பற்றியது. விஷயம் சிறிது; அது கற்பிக்கும் பாடம் சிறிதன்று.

முதலில் அக்குழாய்கள் எதற்காக என்பதை அறிந்துகொள்வோம். குளிர்காலத்தில் கடும்பனி பெய்யும் அந்நாட்டில் வீட்டைச் சூடாக்காமல் வாழ இயலாது. பழங்காலத்தில் அறைக்கு ஓர் அடுப்பு இருந்தது. பின்னர் வீட்டின் நிலவறையில் ஒரே ஓர் உலையை அமைத்து, அதில் சூடேறிய காற்றைத் தகரக் குழாய்களின் வழியே எல்லா அறைகளுக்கும் அனுப்பும் முறை வந்தது. வெப்பக் காற்று இலேசானது. ஆதலால் அது தானாகவே மேலே ஏறியது. மின்சார விசிறி பரவிய பின்னர் காற்றை வேண்டிய திசையில் தள்ளவும் முடிந்தது. கோடைக்கான குளிர்சாதனம் வந்தபோது அதே குழாய்களே குளிர்ந்த காற்றையும் சுமந்தன. அறைகளுக்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழாய்கள் ஒரு வகை. அறைக் காற்றை மீண்டும் இயந்திரத்திற்கு இழுத்து வரும் குழாய்கள் மற்றொரு வகை. பல வீடுகளில் இவை கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே உள்ள இருண்ட வெளியிலோ, தரைக்கு அடியிலோ செல்கின்றன. வீட்டுக்காரர் அங்கே போவதில்லை.

நம் கிராமத்து வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். கிணற்றிலிருந்து இறைத்த நீர் கரை உடைந்த வாய்க்காலில் ஓடினால், பாதி வழியில் புல்லும் எருக்கும் குடித்தது போக மிஞ்சியதே பயிருக்குச் சேரும். ஆயினும் அங்கே ஈரம் கண்ணில் படும். உழவன் மண்வெட்டியை எடுத்து உடைப்பை அடைத்துவிடுவான். காற்றுக்கு ஈரமும் இல்லை, நிறமும் இல்லை. குழாயின் மூட்டுகளில் அது வெளியேறினாலும் எவரும் காண்பதில்லை. சாதாரணமான ஓர் அமெரிக்க வீட்டில் குழாய்களின் வழியே செல்லும் காற்றில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை கசிவுகளாலும் சரியாகப் பொருந்தாத இணைப்புகளாலும் வீணாகிறது என்று அந்நாட்டு அரசாங்கத்தின் எரிசக்திச் சிக்கனத் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. உலை எரிகிறது, விசிறி சுழல்கிறது, கட்டணம் ஏறுகிறது. கடைசி அறையில் இருக்கும் குழந்தையோ குளிரில் நடுங்குகிறது.

இம்மூட்டுகளை அடைக்க நெடுங்காலம் பயன்பட்ட நாடாவின் பிறப்பு ஒரு யுத்தக் கதை. இரண்டாம் உலகப் போரின்போது இல்லினாய்ஸ் மாநிலத்தில் இருந்த ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வெஸ்டா ஸ்டவுட் என்னும் அம்மையார் வேலை செய்துவந்தார். அவருடைய புதல்வர் இருவர் கடற்படையில் இருந்தனர். அங்கே தோட்டாப் பெட்டிகளைக் காகித நாடாவால் ஒட்டி, ஈரம் புகாதிருக்க மெழுகில் தோய்த்தனர். திறப்பதற்காக விடப்பட்ட நாடாவின் நுனி, இழுத்தவுடன் அறுந்துவிடும். பகைவனின் குண்டு பாயும் வேளையில் ஒரு சிப்பாய் நகத்தால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தால் அவன் கதி என்னாவது? காகிதத்திற்குப் பதிலாக உறுதியான துணி நாடாவைப் பயன்படுத்தலாம் என்று அவர் மேலதிகாரிகளிடம் சொன்னார், பயனில்லை. 1943-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், படமும் வரைந்து, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதிவிட்டார்! கடிதம் போர் உற்பத்தி வாரியத்திற்குச் சென்றது, யோசனை ஏற்கப்பட்டது, ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் நாடாவைத் தயாரித்தது. ஒரு புறம் நீர் ஒட்டாத பூச்சும் மறுபுறம் ரப்பர்ப் பிசினும் கொண்ட அத்துணி நாடாவைக் கத்தரிக்கோல் இன்றிக் கையாலேயே கிழிக்கலாம். போர்வீரர்கள் அதைக் கொண்டு எதைத்தான் ஒட்டவில்லை!

போர் முடிந்தது. வீடு திரும்பிய இலட்சக்கணக்கான வீரர்களுக்காகப் புதிய வீடுகள் எழும்பின. காற்றுக் குழாய்களின் மூட்டுகளைச் சுற்ற இந்நாடா கைக்கு எளிதாக இருந்தது. தகரத்தின் நிறத்தோடு பொருந்துமாறு பச்சை நாடா வெள்ளிச் சாம்பல் நிறம் பெற்றது. ஆங்கிலத்தில் காற்றுக் குழாயை ‘டக்ட்’ என்பர். நாடாவும் ‘டக்ட் டேப்’ என்றே பெயர் பெற்றது. பெயரே அதற்குச் சான்றிதழ் ஆகிவிட்டது. குழாய்க்கு என்றே பெயர் பெற்ற நாடா குழாயை அடைக்காமல் வேறு எதை அடைக்கும் என்று எல்லோரும் நம்பினர். ஒட்டிய அன்று அது நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஒட்டியவர் கூலி பெற்றுச் சென்றார். அது கழன்ற நாளில் அந்த இருட்டில் பார்ப்பதற்கு எவரும் இல்லை. எரிபொருள் மலிவாகக் கிடைத்த அந்நாளில் கேட்பாரும் இல்லை.

கேட்க வைத்தது 1973-ஆம் ஆண்டு. அவ்வாண்டு அக்டோபரில் மேற்கு ஆசியப் போர் மூண்டபோது, அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த எண்ணெய் விலை 1974-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. வீட்டுக்குள் செல்லும் எரிபொருள் எங்கே போகிறது என்ற கேள்வி அப்போது எழுந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார், ராபர்ட் சோகலோ முதலியோரின் தலைமையில், நியூ ஜெர்சி மாநிலத்தில் ட்வின் ரிவர்ஸ் என்னும் குடியிருப்பின் வீடுகளை ஆராய்ந்தனர். ஒரே வரைபடப்படி கட்டிய வீடுகளிலும் எரிபொருட் செலவு பெரிதும் வேறுபட்டது. கூரையின் வழியே வெளியேறிய வெப்பமோ ஏட்டுக் கணக்கு காட்டியதைவிட மிக மிகுதியாக இருந்தது. ஏன்? உலையின் புகைபோக்கியைச் சுற்றி விடப்பட்ட இடைவெளியும், வீடுகளுக்கு நடுவே உள்ள சுவரின் உட்துளைகளும் வெப்பக் காற்றை மேலே கொண்டுபோயின. வரைபடத்தில் இல்லாத வழியைக் காற்று கண்டுபிடித்திருந்தது!

அடுத்து ஆராய்ச்சியாளரின் பார்வை காற்றுக் குழாய்களின்மீது திரும்பியது. 1980-களின் பிற்பகுதியில் புளோரிடா மாநிலத்துச் சூரியசக்தி நிலையத்தார் வீடுகளைச் சோதித்தபோது, குளிர்சாதனத்தின் விசிறி ஓடத் தொடங்கியவுடன் வெளிக்காற்று வீட்டிற்குள் மிகுதியாகப் புகுவதைக் கண்டனர். இதன் காரணத்தை மாணவர்கள் நன்கு உணர வேண்டும். காற்றை அனுப்பும் குழாய் கூரையடியில் கசிந்தால், குளிர்ந்த காற்று வெளியே போகிறது. போன காற்றை ஈடுசெய்ய, வெளியிலுள்ள வெப்பக் காற்று சுவரின் இடுக்குகள் வழியே உள்ளே நுழைகிறது. காற்றை இழுத்துவரும் குழாயில் ஓட்டை இருந்தால், கோடை வெயிலில் 50 டிகிரி செல்சியசுக்கும் மேலே கொதிக்கும் கூரையடிக் காற்றைத் தூசியோடு சேர்த்து அது உறிஞ்சுகிறது. மற்றோர் ஆபத்தும் உண்டு. வீட்டிற்குள் காற்றழுத்தம் குறைந்தால், புகைபோக்கி வழியாக மேலே செல்ல வேண்டிய புகை கீழே திரும்பிவிடக் கூடும். அப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது உயிரையே பறித்துவிடும். ஆகவே இது வெறும் சிக்கனக் கணக்கு மட்டும் அன்று.

கசிவை எவ்வாறு அளப்பது? அறைகளில் உள்ள குழாய் வாய்களையெல்லாம் மூடிவிட்டு, அளவு குறித்த ஒரு விசிறியால் குழாய்க்குள் காற்றைச் செலுத்துவர். உள்ளழுத்தம் 25 பாஸ்கல் அளவில் நிலைத்து நிற்க வேண்டும். அவ்வாறு நிறுத்துவதற்கு எவ்வளவு காற்று தேவைப்படுகிறதோ, அவ்வளவும் கசிகிறது என்று பொருள். கண்ணுக்குப் புலப்படாதது எண்ணுக்குப் புலப்பட்டது!

இனி நாடாவின் தீர்ப்புக்கு வருவோம். கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் ஷெர்மன், அயன் வாக்கர் ஆகிய இரு விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தி 1998-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். குழாய் மூட்டுகளைப் பலவகைப் பொருள்களால் அடைத்து, வெப்பக் காற்றையும் குளிர்ந்த காற்றையும் மாற்றி மாற்றிச் செலுத்தினர். பல ஆண்டுகளில் நேரும் முதுமையைச் சில வாரங்களுக்குள் வரவழைக்கும் உபாயம் அது. தூரிகையால் பூசும் மாஸ்டிக் என்னும் பசை நிலைத்தது. உலோகத் தகட்டு நாடா நிலைத்தது. பொட்டலம் ஒட்டும் நாடாவைப் போன்ற தெளிந்த பிளாஸ்டிக் நாடாவும் நிலைத்தது. குழாயின் பெயரைத் தாங்கிய துணி நாடாவே தோற்றது! பிசின் காய்ந்தது, துணி சுருங்கியது, மூட்டு வாய் பிளந்தது.

இதனால் அந்நாடா பயனற்றது என்று கருதிவிடக் கூடாது. 1970-ஆம் ஆண்டில் அப்பல்லோ 13 விண்கலம் விபத்துக்குள்ளானபோது, கரியமில வாயுவை நீக்கும் கலங்களைப் பொருத்துவதற்கு அதே நாடா உதவிற்று. மூவர் உயிரோடு திரும்பினர். தோட்டாப் பெட்டியில் வென்றது, விண்வெளியில் வென்றது, வெப்பமும் குளிரும் மாறி மாறித் தாக்கும் குழாய் மூட்டில் மட்டும் தோற்றது. ஓரிடத்தில் பெற்ற புகழ் மற்றோரிடத்திற்குச் சான்று ஆகாது. சோதனைக்குப் பின் கலிபோர்னியாவின் கட்டட எரிசக்தி விதிகள், இத்தகைய துணி நாடாவை மாஸ்டிக் பசையும் இறுக்குப் பட்டையும் சேர்க்காமல் குழாய்களுக்குப் பயன்படுத்தலாகாது என்று கூறின.

மாற்று வழிகளும் பிறந்தன. சிறு இடுக்குகளில் மாஸ்டிக் பசையைப் பூசுவர். பெரிய பிளவில் கண்ணாடி இழை வலையை வைத்து அதன்மேல் பூசுவர். கை எட்டாத குழாய்களுக்கு, பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் மார்க் மொடேரா முதலியோர் 1990-களில் ஒரு விந்தையான முறையை உருவாக்கினர். வாய்களை மூடி, பிசின் நுண்துளிகளைக் காற்றோடு குழாய்க்குள் செலுத்துவது அம்முறை. காற்று ஓட்டையை நோக்கி விரைகிறது. வளைந்து வெளியேறும்போது துகள்கள் அதைத் தொடர இயலாமல் ஓட்டையின் விளிம்பில் படிகின்றன. விளிம்பு தடித்துத் தடித்து ஓட்டை தூர்ந்துபோகிறது. கசியும் காற்றே தன் வழியை அடைக்கும் கருவியாகிவிடுகிறது! அடைத்த பின்னர் மீண்டும் அளந்து பார்ப்பதும், வீட்டில் எரியும் சாதனங்களின் புகை சரியாக வெளியேறுகிறதா என்று சோதிப்பதும் இப்பணியின் இன்றியமையாத பகுதிகள்.

நம் நாட்டிலும் இன்று மருத்துவமனைகள், திரையரங்குகள், பேரங்காடிகள் முதலியவற்றில் காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன. நாளை அவற்றை அமைக்கப் போகும் பொறியாளரும் தொழிலாளரும் இன்று இதைக் கேட்கும் மாணவர்களிடையே இருப்பர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அதன் பெயரைக் கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். இதை யார் சோதித்தார்? எந்த நிலையில் சோதித்தார்? எத்தனை நாள் நின்றது? இவற்றையும் கேளுங்கள். அம்மூன்று கேள்விகளையும் எவரும் கேளாததால், ஒரு பெருநாடு பல ஆண்டுகளாகத் தன் எரிபொருளைக் கூரையடி இருட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.