கரையை விட்டுப் போனவர் வரைந்த கரை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் எந்த ஒழுங்கையிற் போனாலும் முடிவில் ஒரே காட்சிதான். இன்றைய மரைன் டிரைவைக் கடந்தால் தண்டவாளம், அப்பால் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், பிறகு கடல். தெற்கே வாய்க்காலைத் தாண்டினால் தெகிவளை. அங்கேதான் 1921 இல் ஓவியர் ஐவன் பீரிஸ் பிறந்தார். திரைப்பட இயக்குநர் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் இவருடைய தமையனார்.

அக்காலக் கொழும்பில் ஓவியம் என்றால் 1891 இல் தொடங்கிய இலங்கைக் கலைச் சங்கத்தின் கண்காட்சிதான். ஆங்கிலேயக் கலைக்கூடங்களின் பாணியில், பார்த்ததைப் பார்த்தபடி தீட்டுவதே அங்கு மேன்மை. இதை ஏற்காதவர்கள் 1943 ஓகஸ்டில் லயனல் வெண்டின் முன்முயற்சியில் கூடி அமைத்ததே ‘43 குழு’. ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, றிச்சர்ட் கப்ரியேல், ஹரி பீரிஸ் ஆகியோருடன், ஹரியிடம் ஓவியம் பயின்ற ஐவனும் அதில் இருந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

கடற்கரைப் பாறையை எண்ணெய் வர்ணத்தில் தீட்ட முயன்றவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். நனைந்த கல் கறுப்பாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் ஊதா, பச்சை, செம்மண் நிறம் எல்லாம் அதில் உண்டு. அலை ஒரு கணம் நிற்பதில்லை. வர்ணமோ காய நாட்கணக்காகும். ஆளி விதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிப் போவதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்றே இறுகுகிறது. அதற்குள் காற்று மணலை வாரி ஒட்டிவிடும். மணல் ஒட்டிய அப்படியொரு பலகை என் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் இன்னும் கிடக்கிறது! ஆனால் அந்தத் தாமதத்தில் ஒரு நன்மையும் உண்டு. தீட்டியதைத் துடைக்கலாம், மேலே மற்றொரு படை இடலாம், மாதங்கள் கழித்தும் திரும்பி வரலாம். நினைவிலிருந்து வரைபவருக்கு இது ஏற்ற ஊடகம்.

ஐவன் நினைவிலிருந்தே வரைந்தார். 1946 இல் புலமைப்பரிசில் பெற்று லண்டன் சென்றவர் 1949 இல் திரும்பினார். 1953 இல் மீண்டும் போய் அங்கேயே தங்கிவிட்டார். பின்னர் வாழ்ந்த சவுத்எண்ட், தேம்ஸ் கழிமுகத்து ஊர். அங்கே வற்றின்போது கடல் மைல் கணக்கில் பின்வாங்க, சேறுதான் எஞ்சும். எமது கரையிலோ வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசமும் இல்லை. சேற்றுக் கரையில் இருந்துகொண்டு அவர் தீட்டியது தெகிவளைப் பக்கத்துக் கரையை: தாழ்ந்த அடிவானம், தனி மரம், அசையாது நிற்கும் மனிதர், மாலை மங்கல். இது எந்த ஒழுங்கையின் முடிவு என்று தேடுபவருக்கு விடை கிடையாது. விவரங்கள் உதிர்ந்து, கரை மட்டும் எஞ்சியிருக்கும்.

1983 க்குப் பின் இதே கரையை விட்டு லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போன எம்மவர் பலர். ஐவன் அகதியல்லர், விரும்பிப் போனவர். இரண்டையும் ஒன்றாக்குவது நியாயமன்று. என்றாலும் புலம்பெயர் இலக்கியம் குறித்து இவ்வளவு பேசும் நாம், வாய்க்காலுக்கு அப்பால் பிறந்த இவரை அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை என்பது என் குறை.

அவர் 1988 இல் சவுத்எண்டில் காலமானார். அதே ஆண்டில் ஆசிரியர் ஹரி பீரிஸும் மறைந்தார். பார்ண்ஸ் பிளேசில் ஹரி வாழ்ந்த வீடு சபுமல் நிறுவகமாக இருக்கிறது. மாணவரின் கரைகள் சில அதன் சுவர்களில் உள்ளன.