விருந்தாடி

சுரண்டைப் பக்கம் வீட்டுக்கு வந்து தங்கும் சொந்தக்காரருக்கு 'விருந்தாடி' என்று பெயர். "வீட்டுல விருந்தாடி வந்திருக்காவ, நாளைக்கு வயலுக்கு வர முடியாது" என்று சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். மேடையில் இவரே விருந்தினர், பத்திரிகையில் விருந்தாளி, கொங்கு நாட்டில் ஒறம்பரை. ஒறம்பரையைத் தவிர மற்ற மூன்றுக்கும் அடிச்சொல் 'விருந்து'. அந்தச் சொல்லைத் தனியாகச் சொன்னால் இன்று வாழையிலையும் பாயசமும்தான் நினைவுக்கு வரும். முதலில் அது சாப்பாட்டைக் குறிக்கவில்லை, ஆளையும் குறிக்கவில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் எட்டு வனப்புகளைச் சொல்கிறது. அதில் ஒன்று தொன்மை, இன்னொன்று விருந்து. பழங்கதையைத் தழுவி வருவது தொன்மை. புதிதாகப் பாடுவது விருந்து. ஆக, விருந்து என்றால் புதுமை. புதுமையைக் குறித்த சொல் பிறகு வாசலுக்குப் புதிதாக வந்து நிற்பவருக்கு ஆகிவந்தது. பரிமேலழகர் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்: விருந்து என்பது புதுமை, ஆகுபெயராய்ப் புதிதாக வந்தவர் மேல் நின்றது என்று. அதோடு விடாமல் அவர்களை இரண்டு வகையாகவும் பிரிக்கிறார். முன்பே பழக்கம் இருப்பதால் இந்த வீட்டையே குறித்து வந்தவர் ஒருவகை. எந்தப் பழக்கமும் இல்லாமல் வந்தவர் இன்னொரு வகை.

இந்த இரண்டு வகையிலும் சொந்தக்காரர் கிடையாது. இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்து பேரைத் திருக்குறள் அடுக்கும்போது விருந்தைத் தனியாகவும் சுற்றத்தாரைத் தனியாகவும்தான் வைக்கிறது. முன்னோர், தெய்வம், விருந்து, சுற்றம், தான் என்பது வரிசை. அத்தை மகனும் சித்தப்பாவும் நான்காவது இடத்துக்காரர்கள். விருந்து என்ற மூன்றாவது இடம், பழகியவரானாலும் பழகாதவரானாலும், சொந்தம் என்று இல்லாமல் பசியோடு வந்தவருக்கு உரியது. குறுந்தொகையில் ஒரு காட்சி உண்டு. மாலையில் பெரிய வீட்டின் வாயிலை அடைப்பதற்கு முன், உள்ளே வர வேண்டியவர் இன்னும் யாராவது இருக்கிறீர்களா என்று காவலர் கேட்பார்கள். பேர் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால்தான் அப்படிக் கேட்க வேண்டியிருந்தது.

பிற மொழிகளில் இதே பொருளுக்கு நேர்ந்ததையும் பார்க்கலாம். வடமொழி 'அதிதி'க்குத் திதி பாராமல் வருபவர் என்று விளக்கம் சொல்வது மரபு. லத்தீனில் 'ஹாஸ்டிஸ்' என்ற சொல் முதலில் அந்நியரைக் குறித்து, பிற்பாடு பகைவரைக் குறித்தது. ஆங்கிலத்தின் 'கெஸ்ட்'டும் அந்த வேரில் முளைத்ததுதான். லத்தீனில் அந்நியன் எதிரியானான். இங்கே அந்நியனைக் குறித்த சொல் சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

அது எப்படி நடந்தது? வந்தவருக்குச் செய்த உபசாரத்தில் முக்கியமானது சோறு. அதனால் ஆளின் பெயர் சோற்றுக்கு ஆகிவந்தது, ஆகுபெயரின் மேல் இன்னொரு ஆகுபெயர். கறிவிருந்து, மறுவீட்டு விருந்து, திருநெல்வேலிச் சைவர் வீடுகளில் சொதியோடு நடக்கும் மாப்பிள்ளை விருந்து என்று சாப்பாடு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. சொல் கைவிட்டுப் போனபின் ஆளைக் குறிக்க வால் ஒட்ட வேண்டியதாயிற்று. முதலாளி, பங்காளி போல விருந்தாளி. கூத்தாடி போல விருந்தாடி. வாலை வைத்தே சரித்திரம் சொல்லிவிடலாம்: விருந்து ஒருகாலத்தில் வந்தவரின் பெயர், இப்போது வந்தவர் விருந்துக்கு உரியவர்.

இன்னொரு பக்கம், முன்பின் தெரியாத வழிப்போக்கர் வீட்டைவிட்டே வெளியேறிப் போனார். அவருக்குச் சத்திரமும் மடமும் வந்தன, பிறகு லாட்ஜ் வந்தது. லாட்ஜில் விதிகள் எல்லாம் சுவரில் எழுதியிருக்கும். எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், துண்டு தொலைந்தால் எவ்வளவு என்பது வரை. வீட்டுக்கு வர உறவுக்காரர்தான் மிஞ்சினார். அவருக்கு எந்தப் பலகையும் கிடையாது. தொந்தரவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தொந்தரவுக்குப் பருவமும் உண்டு. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும். உடனே சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வீட்டு அண்ணிக்குப் போன் வரும். "மைனி, குத்தாலத்துல தண்ணி விழுதா?" அருவி நிலவரம் விசாரிப்பது போலத்தான் இருக்கும். அதற்கு "நாங்கள் ஏழு பேர் சனிக்கிழமை வருகிறோம்" என்று அர்த்தம். பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால் படம் எடுக்க இன்னொரு கூட்டம் வரும்.

வந்தவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. பழக்கங்கள்தான் பாடாய்ப் படுத்தும். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து எண்ணெய்த் தலையோடு படுப்பார்கள். தலையணை உறையில் விழுந்த வட்டம் ஆவணி கழிந்தாலும் போகாது. ஈரத்துணியைப் பிழியாமல் கொடியில் போட்டுவிட, அதற்குக் கீழே காயவைத்த வத்தல் நனைந்து கிடக்கும். போனுக்குச் சார்ஜ் போட ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றியவர் திரும்ப மாட்ட மறந்துவிடுவார். குடிக்கப் பிடித்து வைத்த குடத்துத் தண்ணீரில் பிள்ளைகள் கால் கழுவும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. வீட்டில் மாவாட்டி, தேங்காய்ச் சட்னி அரைத்து, இட்லிப் பானையை அடுப்பிலேற்றி மைனி காத்திருப்பாள். இரவு பத்தரை மணிக்கு வேன் வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் வாயில் சால்னா மணக்கும். "பிரானூர் பார்டர்ல பரோட்டா சாப்ட்டு வந்துட்டோம் மைனி, நீங்க சாப்ட்டீகளா?" மறுநாள் அந்த மாவு புளித்துப் பொங்கி நிற்கும். மைனி வாயைத் திறக்க மாட்டாள். பாத்திரத்தின் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும்.

ஏன் வாயைத் திறப்பதில்லை? நம் நூல்கள் சட்டத்தையெல்லாம் வீட்டுக்காரர் மேலேயே சுமத்தியிருக்கின்றன. விருந்தோம்பல் அதிகாரத்தின் பத்துக் குறளும் உபசரிப்பவருக்குச் சொன்னவை. முகம் கொஞ்சம் மாறினாலே வந்தவர் வாடிவிடுவார் என்று பயமுறுத்தித்தான் அந்த அதிகாரம் முடிகிறது. ஆசாரக்கோவையும் வந்தவர்க்கு இட்டபிறகு உண் என்கிறது. இந்தப் பக்கத்தில் இதை வாழ்ந்து காட்டியவராக ரசிகமணி டி.கே.சி.யைச் சொல்வார்கள். 1954இல் அவர் காலமாகும் வரை அவருடைய குற்றாலத்து வீட்டுக்கு ராஜாஜி, கல்கி முதலாக எத்தனையோ பேர் வந்து தங்கிப் போனார்கள். கவிதையும் சாப்பாடும் அங்கே ஒரே பந்தியில் நடந்தன. அப்படிப்பட்ட பேர் இருக்கும் ஊரில் மூஞ்சியைக் காட்ட யாருக்குத் துணிவு வரும்?

வந்தவருக்கான சட்டம் ஏட்டில் குறைவு, வாய்மொழியில்தான் அதிகம். அதில் தலையானது 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்'. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் வீடுகளில் கேட்டால் நபிமொழியிலும் அதே கணக்கைச் சொல்வார்கள்: விருந்துபசாரம் மூன்று நாள், அதற்கு மேல் செய்வது தர்மம், வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தும்வரை தங்கியிருப்பது கூடாது. அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1736ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் வந்தவரை மீனோடு சேர்த்து, இரண்டும் மூன்று நாளில் நாறும் என்று போட்டார். நம் பழமொழி மருந்தோடு சேர்த்தது கொஞ்சம் மரியாதையாகவே இருக்கிறது.

மூன்று நாள் கணக்குக்குக் காரணம் சொல்லிலேயே இருக்கிறது. விருந்து என்றால் புதுமை. புதுமை தேய்ந்தபின் விருந்து ஏது? சமையலறையும் அதைத்தான் சொல்லும். முதல் நாள் கறிக்குழம்பு, இரண்டாம் நாள் சாம்பாரும் அவியலும், மூன்றாம் நாள் பழையதும் சுண்டவைத்த குழம்பும். அரண்மனையில் கறி குறையாது; பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநன் என்ற கலைஞனுக்குக் கறியாகப் போட்டுத் திணறடிக்கிறான். பல நாள் தின்று தீர்த்த பொருநன், ஊருக்குப் போகிறேன் என்று தானே வாய்திறந்து கேட்கிறான். அரசனோ, அதற்குள்ளாகவா என்று முகம் கோணுகிறான், யானை பரிசாகக் கொடுக்கிறான், ஏழடி பின்னே நடந்து வந்து வழியனுப்புகிறான். கேட்க வேண்டியவர் விருந்தாளி, தடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர். இன்றும் சுரண்டையில், "போயிட்டு வாரோம்" என்றதும் "என்ன அவசரம், இருந்துட்டு நாளைக்குப் போலாம்லா" என்று பதில் வரும். அதை நம்பிப் பையைத் திரும்ப உள்ளே வைக்கிறவர்கள்தான் பின்னால் வீட்டுக் கதைகளில் இடம்பிடிக்கிறார்கள்.

ஆகவே, சாரலுக்குப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை பேர், எத்தனை நாள் என்பதை வருமுன்பே சொல்லிவிடுங்கள். வெளியே சாப்பிடுவதானால் சாயங்காலமே ஒரு போன் போடுங்கள். ஈரத்துணியை நீங்களே பிழியுங்கள், கழற்றிய பிளக்கை நீங்களே மாட்டுங்கள். மூன்றாம் நாளுக்கு மேல் இருக்க ஆசையா? தாராளமாக இருங்கள், ஆனால் அப்போது நீங்கள் விருந்தாடி இல்லை, வீட்டு ஆள். அரிவாள்மனையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், வெங்காயம் கூடையில் இருக்கிறது.