முழங்காலில் பல தசைநார்கள் அறுந்தால் என்ன சிகிச்சை?

முழங்கால் மூட்டை நான்கு முக்கியத் தசைநார்கள் பிடித்து நிறுத்துகின்றன. நடுவில் குறுக்காகச் செல்பவை இரண்டு. உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒவ்வொன்று. காற்பந்து ஆட்டத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் அறும். மோட்டார் சைக்கிள் விபத்திலோ, செம்பனைத் தோட்டத்துச் சரிவில் விழும்போதோ இரண்டு, மூன்று சேர்ந்து அறுந்துவிடலாம். அப்படியானால் அந்த நொடியில் மூட்டே விலகியிருக்கலாம். பல நேரங்களில் அது தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்; வெளியே வீக்கம் மட்டுமே தெரியும்.

முதலில் இரத்த ஓட்டம்

முழங்காலுக்குப் பின்னால் பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது. அது கிழிந்தோ அடைபட்டோ போனால், 6 முதல் 8 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். தாமதமானால் காலையே அகற்ற நேரலாம். பாதம் குளிர்ந்து வெளிறுவதும், பாதத்தை மேலே தூக்க முடியாமல் போவதும் ஆபத்தான அறிகுறிகள். பாதம் தூக்க வராதது நரம்புப் பாதிப்பைக் காட்டும்.

எனவே, சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவக் கூடாது. காலை அசையாமல் வைத்து, 999-ஐ அழையுங்கள். சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் சாலைப் பயணமே இரண்டு மணி நேரத்துக்கு மேல். பெரிய மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தால், வீட்டில் கழித்த ஒவ்வொரு மணியும் இழப்பே.

அறுவை சிகிச்சை முறைகள்

இரத்தக் குழாய் அடிபட்டிருந்தால் அதற்கே முதல் அறுவை. மூட்டு நிலையாக நிற்காவிட்டால், வெளியே கம்பிச் சட்டம் பொருத்தி வைப்பார்கள். பிறகு எம்.ஆர்.ஐ. படம் பார்த்து, தசைநார் அறுவையைத் திட்டமிடுவார்கள். மற்றவர்களுக்கு, வீக்கம் குறைந்ததும் முதல் மூன்று வாரங்களுக்குள் செய்வது வழக்கம்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்யலாம். இரண்டு கட்டமாகவும் செய்யலாம். எலும்போடு பிய்ந்த நாரைத் திருகாணி கொண்டு திரும்பப் பொருத்துவார்கள். உள்பக்க நார் சிலருக்கு மூட்டுப் பட்டை அணிந்தாலே ஆறிவிடும். நடுவிலுள்ள நார்களுக்குப் பெரும்பாலும் மாற்று நார் வேண்டும். தொடையின் பின்புறம், முழங்கால் சில்லுக்குக் கீழ், கணுக்கால் பக்கம் ஆகிய இடங்களிலிருந்து அதை எடுப்பார்கள். போதாவிட்டால் மறுகாலிலிருந்தும் எடுக்கலாம். எலும்பில் துளையிட்டு, அந்த நாரைச் செலுத்தி இறுக்குவார்கள். நடுவிலுள்ளவற்றுக்கு நுண்துளைக் கருவி. பக்கத்திலுள்ளவற்றுக்குத் தோலைத் திறந்து அறுவை.

வெளிப்பக்க மூலையின் காயத்தைக் கவனிக்காமல் விட்டால், புதிதாக வைத்த நடு நார் கூடுதல் பாரம் தாங்கி அறுந்துபோகலாம். எந்தெந்த நார் அறுந்தது, எல்லாம் சரிசெய்யப்படுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அறுவைக்குப் பிறகு

பல வாரங்கள் மூட்டுப் பட்டையும் ஊன்றுகோலும் தேவை. கடும் வேலைக்குத் திரும்ப 9 முதல் 12 மாதங்கள் ஆகலாம். மூட்டு விறைத்துப்போவதே அடிக்கடி வரும் தொல்லை. இயன்முறைப் பயிற்சியைத் தவறவிட வேண்டாம்.

சொக்சோ சந்தாதாரர்கள் வேலையிலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ அடிபட்டிருந்தால், முதலாளியிடம் உடனே தெரிவியுங்கள். போலீஸ் புகார், மருத்துவச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையம் உள்ளது. அங்குச் சேர முடியுமா என்றும் விசாரியுங்கள்.